குனிந்தால் வலிக்காத முதுகு

கண்ணு,

வியாழக்கிழமை வருவதாகவும், ஒரு டாக்டரிடம் பேசி வைத்திருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். எந்த டாக்டர் என்று கேட்டேன். "சும்மா பேசிப் பாக்கறதுக்குத்தாம்மா. ஊசி மருந்துகூட இருக்காது" என்றாய். முதுகு வலிக்கு ஊசியும் மருந்தும் கொடுக்காத டாக்டர் எவனடா என்று போனை வைத்த பிறகு யோசித்தேன். ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்ல வராத மனுஷன், பேப்பரைத்தான் தூக்குவார். சரி, மனசு டாக்டர்தான் என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் நீயும் சுமதியும் அமெரிக்காவுக்குப் பிளேன் ஏறுகிறீர்கள். அதற்குள் அம்மாவுக்கு ஒரு வழி பண்ணிவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறாய். நல்ல எண்ணம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வருவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிட்டு வா. போனில் நான் வாயைத் திறந்தால் பாதியிலேயே "செரிம்மா, செரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்திடம் செரிம்மா சொல்ல முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். என் முதுகில் இருக்கிற வலி என் தலைக்குள் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே நீ கடல் தாண்டிப் போய்விடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நான் சந்தேகக்காரி. பீளமேட்டில் பாதிப் பேருக்கு அது தெரியும். காலேஜ் பையன்களுக்கு மெஸ் நடத்துகிறவள் சந்தேகப்படாமல் இருந்தால் ஆறே மாதத்தில் கடையைச் சாத்திவிட்டு ஈர்க்குச்சி கிள்ளிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கேஸ் சிலிண்டரைத் தராசில் ஏற்றாமல் உள்ளே விடமாட்டேன். அரிசி மூட்டை வந்தால் மேலே இருப்பதைப் பார்க்கமாட்டேன், முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு அடியில் இருப்பதை எடுத்துப் பார்ப்பேன். சாப்பிட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்று சாதிக்கிற பையனைக் கையை முகர்ந்தே பிடித்திருக்கிறேன். எது நடந்தாலும் முதலில் இதில் யாருக்கு லாபம் என்றுதான் பார்ப்பேன். ஒரு தரம் அரிசிக்கடைக்காரர் பொங்கலுக்கென்று ஒரு சிப்பம் அரிசி சும்மா கொடுத்தார். எல்லோரும் தங்கமான மனுஷன் என்றீர்கள். பிரித்துக் கொட்டினேன், வண்டு நடந்து போனது. அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் இந்தக் குணத்தில் ஒரு கோளாறு உண்டு. புலி வருது புலி வருது என்று தினம் கத்துகிறவள், நிஜப் புலி வந்த அன்றைக்கும் அதையேதான் கத்த வேண்டியிருக்கிறது. யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அந்தச் சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்ட நாளை நீ நேரில் பார்க்கவில்லை, பெங்களூரில் இருந்தாய். ஒரு பக்கம் அப்பா பிடிக்க வேண்டியது. அவர் துணியைத் தேடிக்கொண்டிருந்தார், நான் பொறுக்காமல் தனியாகத் தூக்கித் திரும்பினேன். உள்ளே என்னவோ நழுவியது. அதற்குப் பிறகு வலது கால் என் கால் இல்லை. புட்டத்திலிருந்து கட்டைவிரல் வரைக்கும் காய்ச்சிய கம்பியை இழுத்த மாதிரி ஒரு வலி. உட்கார முடியாது, குனிய முடியாது, தும்மினால் உயிர் போய் வரும். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். நீ ஓடி வந்தாய். நாலு இடத்தில் விசாரித்து, புதுசாக வந்த முறையில் செய்கிற டாக்டரைக் கண்டுபிடித்தாய். "முதுகைப் பொளக்க மாட்டாங்கம்மா. சின்ன ஓட்டை. மைக்ராஸ்கோப்ல பாத்து டிஸ்க்ல பிதுங்குனதை மட்டும் எடுத்துப்போடுவாங்க. மூணா நாள் ஊட்டுக்கு வந்தரலாம்" என்றாய். உன் முகத்தில் அத்தனை வெளிச்சம். நீயே கண்டுபிடித்த முறை மாதிரி பேசினாய்.

அந்த டாக்டரிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏனுங்க டாக்டர், அந்த ஓட்டைக்கும் டிஸ்குக்கும் நடுவுல என்னங்க இருக்குது?" அவர் சிரித்தார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்கம்மா, நீங்க தைரியமா இருங்க" என்றார். நீ மேஜைக்கு அடியில் என் கையை அழுத்தினாய். வாயை மூடு என்று அர்த்தம். நானும் மூடிக்கொண்டேன். மூட்டைக்குள் கையை விடுகிறவளுக்குத் தெரியும் கண்ணு, அடியில் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் மேலே இருக்கிற அரிசி ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒதுங்குவது எது என்றுதான் கேட்டேன்.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கால் வலி போயிருந்தது. துடைத்து எடுத்த மாதிரி போயிருந்தது. படுக்கையில் படுத்துக்கொண்டு கட்டைவிரலை ஆட்டி ஆட்டிப் பார்த்து அழுதேன். அந்த டாக்டர் நன்றாக இருக்கட்டும், அதை மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும். அவர் கால் வலியைத்தான் எடுப்பதாகச் சொன்னார், எடுத்துவிட்டார்.

புது வலி ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. காலில் இல்லை, இடுப்பில், வலது பக்கமாக, ஒரு கை அகலத்துக்கு. அடுப்பு முன்னால் நின்றால் வரும். பரண் மேல் இருக்கிற டப்பாவை அண்ணாந்து எடுத்தால் கொத்திப் பிடுங்கும். படுக்கையில் புரண்டால் சுளீரென்று இருக்கும். ஆனால் குனிந்தால் இல்லை. குனிந்தால் அப்பாடா என்று இருக்கும். மேடையில் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால்தான் எனக்கு உயிர் திரும்பி வரும். இந்தக் குனிவுதான் என்னைக் கெடுத்தது. முதுகு வலி என்றால் குனிய முடியாது என்று உலகத்தில் யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்தோம். "டிஸ்க் சுத்தமா இருக்குதுங்க. எங்கே, குனிங்க பாக்கலாம்" என்றார் டாக்டர். குனிந்தேன். விரல் தரையைத் தொட்டது. "பாத்தீங்களா, எங்க நர்ஸுகூட இவ்வளவு குனிய மாட்டாங்க" என்றார். நீயும் சிரித்தாய். "நிமுந்தாத்தானுங்க வலிக்குது" என்று நான் சொன்னபோது அடுத்த ஆள் உள்ளே வந்தாகிவிட்டது. வெளியே வந்து நீ சொன்னாய்: "உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம். இப்ப உன்ற முதுகு மேலயே சந்தேகம் வந்துபோச்சு." நல்ல நகைச்சுவைதான். வராந்தாவில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

உன் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். இதை இதுவரைக்கும் நாம் பேசியதில்லை. பவானியில் பெண் வீட்டார் மண்டபம் முழுக்க ஜமக்காளம் விரித்து எவ்வளவு சிறப்பாகச் செய்தார்கள், குறை சொல்ல முடியாது. நம் பக்கத்துக் கல்யாணத்தில் சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் மன்னிப்பார்கள், வாசலில் நின்று ஆளாளுக்குக் கைகூப்பி "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்காவிட்டால் மூன்று தலைமுறைக்கு மறக்கமாட்டார்கள். மாப்பிள்ளையைப் பெற்றவள் நான். பட்டுச் சேலையும் அதுவுமாக நிமிர்ந்து நிற்க வேண்டியவள். நின்றேன் கண்ணு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முதுகில் கத்தி இறங்க இறங்க வாங்க வாங்க என்றேன். ஒரு கட்டத்தில் முடியாமல் ஒரு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்துச் சுமதியின் பெரியம்மா உள்ளே வந்திருக்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை, ஜமக்காளத்துச் சிவப்புக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சம்பந்தியம்மா எங்களை ஒரு வாங்க கேக்கலீங்க" என்று பேச்சு ஆரம்பித்தது. யாரோ எனக்கு முதுகு வலி என்று சமாதானம் சொன்னார்களாம். அதற்கு அந்த அம்மா, "காத்தால வாசல்ல குனிஞ்சு அத்தாச்சோட்டுப் பெரிய கோலம் போட்டாங்க, நாந்தான் பாத்தனே. கோலம் போடறப்ப வராத வலி, வாங்க கேக்கறப்ப வருமாக்கும்?" என்றாராம். இதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தால் இதைவிடக் கூர்மையாகக் கேட்டிருப்பேன். ஆனால் சாயங்காலம் மண்டபத்துப் படியில் நீ வந்து, "உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லையாம்மா?" என்று கேட்டாய் பார், அதுதான் தைத்தது. பந்தியைப் பார்க்க வேண்டும் என்று நகர்ந்துவிட்டேன். இஷ்டமில்லை என்றால் பவானி வரைக்குமா வருவேன், வீட்டிலேயே ரகளை பண்ணியிருக்கமாட்டேனா? என் வயிற்றில் பிறந்த உனக்கு அதுகூடவா தெரியாது?

அதற்கப்புறம்தான் உங்கள் யாரிடமும் சொல்லாமல் வேறொரு டாக்டரிடம் போனேன். வயசான எலும்பு டாக்டர். முதலில் ஆபரேஷன் நடந்ததையே சொல்லவில்லை, அவராகக் கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று இருந்தேன். அவர் குனியச் சொல்லவில்லை. "மெதுவா பின்னாடி சாயுங்க. அப்படியே வலது பக்கம் திரும்புங்க" என்றார். அம்மா என்று நான் கத்தியது வெளியே கேட்டிருக்கும். பிறகு இரண்டு விரலை வைத்து அழுத்தி, "இங்கதானுங்களே?" என்றார். தழும்பையும் பார்த்துவிட்டார். எனக்கு உடனே சந்தேகம், இவருக்கும் அந்த டாக்டருக்கும் ஆகாதோ, அதனால்தான் இத்தனை அக்கறையோ என்று.

வேறு மாதிரி ஒரு ஸ்கேன் எடுத்து, படத்தை விளக்குக்கு முன்னால் மாட்டிக் காட்டினார். முதுகெலும்பில் டிஸ்க் முன்பக்கம் இருக்கிறதாம். பின்பக்கம் அடுக்குக்கு அடுக்கு, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சின்ன மூட்டுகள் இருக்கின்றனவாம், கதவுக்குக் கீல் இருக்கிற மாதிரி. ஃபேசட் ஜாயின்ட் என்று பெயர். "நிமுந்தா அதும்மேல பாரம் ஏறுமுங்க. குனிஞ்சா எறங்கும்" என்றார். இடது பக்கத்து மூட்டு வழவழவென்று இருந்தது. வலது பக்கத்தில் ஓரம் குறைந்து, கரடுமுரடாக இருந்தது. டாக்டருக்குப் படிக்காத எனக்கே தெரிந்தது. "டிஸ்குக்குப் போகோணும்னா வழி வேணுமில்லீங்களா. ஓரமாக் கொஞ்சம் எலும்பைச் செதுக்கித்தான் போவாங்க. அது மூட்டுப்பக்கம் கொஞ்சம் கூடிப் போயிருக்கலாம். டிஸ்கை எடுத்தப்புறம் பாரம் இதும்மேல எறங்கித் தேஞ்சும் இருக்கலாம். ரெண்டும் சேந்தும் இருக்கலாமுங்க" என்றார். "அப்ப தப்பு நடந்துபோச்சுங்களா?" என்று கேட்டேன். "அதை நான் சொல்ல மாட்டனுங்க. நல்லாச் செஞ்சாலும் சில பேருக்கு இப்படி ஆகறதுண்டு" என்றார். டாக்டரை டாக்டர் காட்டிக்கொடுப்பாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அது போகட்டும். நான் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஓட்டைக்கும் டிஸ்குக்கும் நடுவில் இருந்தது இதுதான்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு ஊசி போடலாம் என்றார். எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே அந்த மூட்டுக்குள் மரத்துப்போகிற மருந்து. "இந்த மூட்டுத்தான் காரணம்னா கொஞ்ச நேரம் வலி போயிரும். பொழுது எறங்கறதுக்குள்ள திரும்ப வந்துரும். வந்தா பயந்துக்காதீங்க" என்றார். போகிற வலி திரும்பி வரும் என்று சொல்லி ஊசி போடுகிற டாக்டரை நான் கண்டதில்லை. இதில் இவருக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. சரி, போடுங்க என்றேன்.

கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றேன். நின்றேன் என்றால் தூணைப் பிடிக்காமல், முன்னால் சாயாமல், மனுஷி மாதிரி நின்றேன். பிளேன் ஒன்று ஏர்போர்ட்டில் இறங்கத் தாழ்வாக வந்தது. நம் பகுதியில் பொழுதுக்கும் அந்தச் சத்தம்தான், சத்தத்தை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தலையை நிமிர்த்தி அதன் வயிறு தெரிகிற வரைக்கும் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் பிளேனையே பார்த்திராத பட்டிக்காட்டுக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். எனக்கு உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். "கண்ணு, நான் நின்னுட்டே பேசறேன், நிமுந்து நின்னுட்டுப் பேசறேன்" என்றேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? நீ மறந்திருப்பாய். "பாத்தியா, ஒரே ஊசில போயிருச்சுன்னா அது என்ன வலி? நான் மொதல்லயே சொன்னேன்ல, எல்லாம் மனசும்மா" என்றாய். எந்த ஊசி, எங்கே போட்டார்கள் என்றுகூட நீ கேட்கவில்லை. வலி நிஜம் என்று காட்ட நான் கொண்டுவந்த ஒரே அத்தாட்சியை, வலி பொய் என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டாய். போனை வைத்துவிட்டேன். சாயங்காலம் விளக்குப் போடுவதற்குள் வலி திரும்பி வந்தது. சொன்னால் சிரிப்பாய், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருத்தராவது என்னிடம் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

நீ ஏன் நம்பவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். என் வழக்கப்படியேதான் யோசித்தேன், இதில் இவனுக்கு என்ன லாபம் என்று. ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்கு அப்புறம் பிடிபட்டது. என் வலி நிஜம் என்றால், என்னை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நீ. என் கையை அழுத்தி வாயை மூடச் சொன்னவன் நீ. அதை உன்னால் தாங்க முடியவில்லை. அதைவிட அம்மாவுக்குப் பைத்தியம் என்பது உனக்குச் சுலபமாக இருக்கிறது. சரிதானே? அட கிறுக்கா, உன்னை யார் குற்றம் சொன்னார்கள்? நீ கூட்டிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் நான் அந்தக் காலை வெட்டி எறிந்துவிடுங்கள் என்று கெஞ்சியிருப்பேன். மறுபடி அந்தக் கால் வலி வந்தால் மறுபடியும் நீதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நடுவில் என்ன இருக்கிறது என்று இந்தத் தரம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்போம். போகிற ஊரிலும் யாராவது உன்னிடம் "சின்ன ஓட்டைதான்" என்றால், அது டாக்டரோ வேறு யாரோ, நடுவில் இருப்பதைக் கேள். கேட்பதற்கு வெட்கப்படாதே. உனக்கு நான் சொல்லிக்கொடுக்க வைத்திருப்பது இதுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சுமதியைப் பற்றி.

பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது அவள் என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள். மேடையில் நான் முழங்கை ஊன்றினால் பார்க்கிறாள், துணி காயப்போட்டால் பார்க்கிறாள். அவள் பெரியம்மாவுக்குச் சாட்சி சேகரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு தரம் பக்கத்தில் வந்து, "அத்தைங்க, அண்ணாந்து பாத்தாத்தானுங்க வலிக்குது?" என்று கேட்டாள். "உனக்கு ஆரு சொன்னது?" என்று சுள்ளென்று விழுந்தேன். முகம் சுண்டிப்போய் உள்ளே போய்விட்டாள். நீங்கள் ஊருக்குப் போன மறுநாள் துணி காயப்போடப் போனால், பின்பக்கத்துக் கொடி இறங்கிக் கட்டப்பட்டிருக்கிறது. உன் அப்பா நான்தான் கட்டினேன் என்று சொல்லிப் பார்த்தார். அவருக்கு முடிச்சுப் போடவே வராது. என் வீட்டுக் கொடியில் கை வைக்க இவள் யார், இன்றைக்குக் கொடி, நாளைக்குச் சாவிக்கொத்தா என்று எனக்குக் கொதித்துவிட்டது. உயர்த்திக் கட்டுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். வழக்கம்போல் பேப்பரைத் தூக்கிக்கொண்டார், கொடி அப்படியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்த கையோடு, காய்ந்த துணியை எடுக்கப் போனேன். கோபத்தில் சரசரவென்று உருவி முடித்த பிறகுதான் உறைத்தது. நான் அண்ணாந்து கையைத் தூக்கவே இல்லை. பொங்கலுக்கு அப்புறம் துணி விஷயத்தில் எனக்கு வலித்ததே இல்லை. அங்கேயே நின்று, யாருக்கு லாபம் என்று பார்த்தேன். சுமதி என்னைவிட ஒரு தலை உயரம். இந்தக் கொடியில் போட்டால் அவள் சேலை மண்ணில் புரளும். உன் அப்பா கொடிப் பக்கமே வரமாட்டார். நீங்கள் இருந்ததோ நாலு நாள், அதற்குப் பிறகு அமெரிக்கா. எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அவளுக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை கண்ணு. மூட்டையின் அடி வரைக்கும் கையை விட்டுப் பார்த்துவிட்டேன், வண்டு இல்லை. உருவிய துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன். நான் திட்டிய பிறகும் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

வியாழக்கிழமை வா. நீ சொல்கிற டாக்டரிடம் வருகிறேன், பயமில்லை. அதற்கு முன்னால் அந்த வயசான டாக்டரிடம் போவோம். இன்னும் கொஞ்ச நாள் தாங்குகிற ஊசியும் பயிற்சியும் இருக்கிறதாம், வீட்டு ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தால் விளக்கமாகச் சொல்கிறேன் என்றார். இத்தனை நாளாக நம்பிக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஆள் இல்லை. உனக்கு வேலை இருந்தால் பரவாயில்லை, சுமதியை மட்டும் அனுப்பு. வாசலில் நின்று அவளை வாங்க என்று கேட்க வேண்டும். கேட்கிற வரைக்கும் நிமிர்ந்துதான் நிற்பேன்.

அம்மா